விழிக்குள் புழு: ஒரு நோய் பெர்லினை விட்டு நீங்கிய வரலாறு

1851-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் உருவாக்கிய விழிநோக்கியைப் பற்றிய நூலை வெளியிட்டார். உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் காணும் வாய்ப்பு அதன் பின்னரே கிட்டியது. அக்கருவியை விரைந்து ஏற்றுக்கொண்ட பெர்லின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, நோயாளிகள் சிலரின் விழிக்குள் உயிருள்ள புழுவைக் கண்டார். அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். நீர்க்கொப்புளம் போன்ற உடலிலிருந்து தலையை நீட்டியும் உள்ளிழுத்தும் அசைந்துகொண்டிருந்தது. அவரிடம் வந்த கண் நோயாளிகளுள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

புழுவை அப்படியே விட்டுவைக்க இயலாது. அது விழிக்குள் இறந்தால் கடும் அழற்சி உண்டாகிப் பார்வை அழியும். எனவே அதைச் சிதையாமல் முழுதாக வெளியே எடுப்பதே அக்கால அறுவையின் விதியாயிற்று. ஆனால் புழு முழுதாக வெளிவர அதன் அளவுக்கேற்ற வெட்டு வேண்டும். புழு நீங்கினாலும் கண் தப்புவது உறுதியில்லை.

இச்சிக்கல் தீர நூறாண்டுகளுக்கும் மேலாயின. 1970-இல் மயாமியில் ராபர்ட் மாகெமர், விழியை அகலத் திறக்காமல் ஊசி போன்ற கருவியை உட்செலுத்தி, உள்ளிருக்கும் கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமி முறையைத் தொடங்கினார். 2002-இல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, தையல் தேவைப்படாத 25 கேஜ் முறை அறிமுகமாயிற்று. இதனால் பழைய விதியும் தளர்ந்தது. புழுவை விழிக்குள்ளேயே துண்டாக்கி, கசியும் நீர்மத்தை எஞ்சவிடாமல் உடனே உறிஞ்சிவிட முடிந்தது.

எனினும் பெர்லினில் இந்நோய் அரிதானது இவ்வறுவை தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ஆகும். கண் மருத்துவரும் கண் மருத்துவ வரலாற்றாசிரியருமான யூலியஸ் ஹிர்ஷ்பெர்க், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகள் வெகுவாகக் குறைந்ததைக் கண்டு, இறைச்சிப் பரிசோதனையே அதற்குக் காரணம் என்றார். புழுக்கொப்புளங்கள் உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள் நீர், கீரை, கை வழியாகப் பிறர் வயிற்றை அடைந்து, இளம்புழுக்களாகிக் குருதியோடு மூளைக்கும் கண்ணுக்கும் செல்கின்றன. பரிசோதனை இச்சங்கிலியின் முதற்கண்ணியை அறுத்தது.

பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும், மரக்கறி மட்டுமே உண்பவருக்கும் இந்நோய் வருவதன் காரணமும் இச்சங்கிலியிலேயே உள்ளது. இந்தியக் கண் மருத்துவமனைகள் இந்நோயை இன்றும் காண்கின்றன. விழியை அசைக்கும் தசைகளில் புழு தங்கினால் பெரும்பாலும் அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் போதும். விழிக்குள் தங்கினால் மருந்தால் இறக்கும் புழுவே பார்வையைக் கெடுக்கும். ஆகவே அறுவையே வழி.

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அரை மில்லிமீட்டர் கருவி ஒருவரின் பார்வையைக் காக்கிறது. அதன் அருமை குறைந்ததன்று. ஆனால் பெர்லினில் அடுத்த தலைமுறையின் கண்களைக் காத்தவர்கள் இறைச்சிக் கூடத்தில் நின்ற, பெயர் அறியப்படாத பரிசோதகர்கள். இந்தியாவில் அப்பணி கழிப்பறை, தூய நீர், இறைச்சிப் பரிசோதனை ஆகிய மூன்றிடமும் இன்னும் எஞ்சி நிற்கிறது.