ஹெம்ப் பிறந்த கதை

நல்ல குட்டி வேண்டுமானால் தாய் தந்தையைப் பார் என்கிறோம். அவற்றில் எதைப் பார்ப்பது? ஆட்டு நாயின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது.

இங்கிலாந்தின் வடகோடியில் இருப்பது நார்தம்பர்லண்ட். அங்கே மலையில் ஆடு மேய்ப்பவருக்கு நாய்தான் பிழைப்பு. நாய் முரடானால் சினை ஆடு மிரண்டு ஓடிக் கருக்கலையும். மந்தமானால் மந்தை சிதறும். 1873இல் வேல்ஸ் நாட்டின் பாலா ஊரில் ஆட்டு நாய்ப் போட்டி நடந்தது. அத்தகைய போட்டிகள் பரவவே, எந்த நாய் உழைக்கிறது என்பதை ஊரறியக் காண வழி பிறந்தது.

ஆடம் டெல்ஃபர் என்ற மேய்ப்பர் ராய் என்னும் கடுவனையும் மெக் என்னும் பெட்டையையும் இணைத்தார். ராய் சாதுவானது, ஆனால் ஆட்டைப் பார்வையால் அடக்கும் வலிமை அதற்குக் குறைவு. மெக்குக்கோ அந்தப் பார்வை மிகுதி, கூச்சமும் மிகுதி. பார்வை மிகுந்த இரண்டை இணைத்தால், ஆட்டை முறைத்தபடி அசையாது நின்றுவிடும் குட்டிகள் பிறக்கக்கூடும். இங்கே ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடுசெய்தது.

1893இல் ஹெம்ப் பிறந்தது. குரைத்து விரட்டாமல், அமைதியாக மந்தையை நகர்த்தியது. அதைக் கண்ட பிற மேய்ப்பர்கள் தங்கள் பெட்டைகளை அதனுடன் இணைத்தனர். 1901இல் ஹெம்ப் இறந்தது. ஆயினும் இன்றுள்ள பார்டர் காலி நாய்கள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிவந்தவை.

காவலுக்குக் குட்டி தேடும் நாமும் நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஈன்ற இரண்டின் வேலையையும் குணத்தையும் சேர்த்து எடைபோடுவோம்.