இசைவும் பணிவும்: ஒரு திறந்த மடல் எழுப்பிய சொற்பொருள் வினா

பெண்களுக்கு எதிரான வன்முறையை மனித உரிமைச் சிக்கலாக நிறுவிய முயற்சிகளுள், ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய வாதமாகவே அமைந்தது 1979ஆம் ஆண்டின் திறந்த மடல். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அதனை நோக்குதல் பயனுடையது.

1972 மார்ச்சு மாதம் மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில், பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் காவலர் இருவர் கொடுமைக்கு உள்ளாக்கியதாக வழக்கு எழுந்தது. அமர்வு நீதிமன்றம் 1974இல் அவர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, அச்சத்தால் அடங்கிப்போதல் இசைவாகாது எனக் கருதி 1976இல் தண்டனை விதித்தது. உடலில் காயமோ எதிர்த்ததற்கான தடயமோ இல்லை என்பதனைக் காட்டி, 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது.

உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர், உலோத்திகா சர்க்கார் ஆகிய சட்ட ஆசிரியர் நால்வர், 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு மடல் எழுதினர். இசைவில் பணிதல் அடங்கும்; ஆயின் பணிதல் அனைத்தும் இசைவாகிவிடாது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். சிறுமியின் இளமை, வறுமை, காவல் நிலையம் என்னும் இடம் ஆகிய சூழல்களைத் தீர்ப்பு கருதாமையையும் அவர்கள் சுட்டினர். சூழலை நீக்கிச் சொற்பொருள் காணலாகாது என்னும் மொழியியல் உண்மையே இங்கு நீதிக்கான கோரிக்கையாயிற்று.

1980இல் பெண்கள் அமைப்புகள் பல நகரங்களில் போராடின. 1983ஆம் ஆண்டின் திருத்தம், காவலர் முதலியோரின் பொறுப்பில் நிகழும் இத்தகைய குற்றங்களில், தான் இசையவில்லை எனப் பெண் சான்றளிப்பின் நீதிமன்றம் அவ்வாறே ஊகித்தல் வேண்டும் என்றது. உடலால் எதிர்க்காமை ஒன்றினாலேயே இசைவு பெறப்படாது என்னும் விதி 2013இல்தான் எழுத்தில் ஏறியது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 63ஆம் பிரிவும் அதனைக் கொண்டுள்ளது.

தமிழாக்கத்திற்கும் இதில் பாடம் உண்டு. 'கற்பழிப்பு' என்னும் சொல் இழப்பைக் கற்பில் வைக்கிறது; பெண்ணின் விருப்பத்திற்கு அங்கு இடமில்லை. 'வன்புணர்ச்சி', 'பாலியல் வன்கொடுமை' ஆகியன செயலைச் சுட்டுகின்றன. எனினும் வன்மையை முன்னிறுத்துகின்றன. சட்டத்தின் அளவுகோலோ இசைவின்மை. 'ஒப்புதல்' என்பது குற்றத்தை ஏற்கும் வாக்குமூலத்திற்கும் வழங்குவதால் மயக்கம் தரும். 'இணங்கினாள்' என்பது இன்னும் இடர் மிக்கது. விரும்பி உடன்படுதல், அஞ்சி அடங்குதல் ஆகிய இரண்டினையும் அது தழுவி நிற்கிறது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்போர் அச்சொல்லை ஆளின், 1979இல் நால்வர் பிரித்துக் காட்டிய இரு பொருள்களும் மீண்டும் ஒன்றாகிவிடும்.