தாய்மேல் விழுந்த பழி

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது. பிறவியிலேயே வருவது என்றவர், அதே கட்டுரையில் பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்ற பெயரே வந்துவிட்டது! பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றார் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் எழுதிய நூல்தான் அதை அசைத்தது. அவரும் அப்படியொரு பிள்ளையின் தகப்பன்.

அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 2000இல் 150க்கு ஒருவர், 2022இல் 31க்கு ஒருவர் என்பது கணக்கு. பெரும்பகுதி, முன்பு கண்ணில் படாதவர்கள்.

1986இல் என் மூன்றாம் வகுப்பிலும் ஒரு பையன். பேசமாட்டான், வலிப்பும் உண்டு. “வீட்ல பிள்ளையோட பேசவே மாட்டீங்களாம்மா?” என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். மறுமாதமே அவர் மில் வேலையை விட்டுவிட்டார்.