செவிலியின் மகள்

தொல்காப்பியக் களவியலை நடத்தும்போது செவிலியை நான் ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன். தலைவியை வளர்த்தவள் செவிலி. அந்தச் செவிலியின் மகள் தோழி. இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். பதினேழு ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். தாய் ஒரு வீட்டில் ஊழியம் செய்தால் மகளும் அதே வீட்டில் ஊழியம் செய்வாள் என்பதை இந்த இலக்கணம் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது என்று எனக்கு உறைத்தது, அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்குப் பக்கத்தில், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல்காட்டு ஊர். நான் அரியலூரில் வேலை பார்க்கிறேன். 2022இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. திருச்சியில் பதினெட்டு நாள் வைத்திருந்துவிட்டு, மூக்கில் உணவுக் குழாயோடும் பக்கவாட்டில் மூத்திரப் பையோடும் அனுப்பினார்கள். “இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க” என்றார் மருத்துவர். தமிழில் இப்படி ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டியதில்லை. யார் பார்த்துக்கொள்வது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா வாசற்படியில் நின்றார். தம்பி சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினான். நான் கல்லூரிக்கு விடுப்பு எழுதினேன்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். கஞ்சியை வடிகட்டிக் குழாயில் மெதுவாக இறக்க வேண்டும், தலைமாட்டை உயர்த்தி வைத்து. பீயள்ள வேண்டும், துடைக்க வேண்டும், ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். ராத்திரியும் இதே கணக்குத்தான். கவிதை எழுதுகிறவள் என்பதால் உடலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். பெற்றவளின் உடலைத் தூக்க எங்கே கை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லிக் கொடுத்தவர் ஓர் அக்கா. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் ஊருக்கான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை. அம்மா கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், நீங்க தோளப் புடிச்சு இழுக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழ கைய விடுங்க” என்று செய்து காட்டினார். அடுத்த வாரமே அவரிடம் கேட்டேன்: காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து அம்மாவைக் குளிப்பாட்டித் துடைத்துப் போக முடியுமா? சம்பளம் நான் தருகிறேன். ஒத்துக்கொண்டார். நான் கல்லூரிக்குத் திரும்பினேன்.

இந்த இடத்தில் ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவன் அரசாண்ட தலைநகரம் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலைக்கு 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததையும், அதில் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் அந்தக் கல் சொல்கிறது. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அவர் பெயரும் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுத்த பெண்களையும் கல் விடவில்லை. அவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கிடைத்தது மருத்துவரின் பங்கில் சிறு பகுதி. பெயர் இல்லை.

அகப்பாடலில் யாருக்கும் பெயர் கிடையாது, அது மரபு. தலைவிக்கும் கிடையாது, தலைவனுக்கும் கிடையாது என்று மாணவிகளுக்குச் சொல்வேன். அது சரிதான். ஆனால் கல்வெட்டு அகப்பாடல் இல்லை. அது கணக்கு. கணக்கில் எண்ணிக்கையாக மட்டும் நிற்பவர் யார் என்பதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று அது.

இங்கிலாந்திலும் கதை ஏறக்குறைய இதுதான். வீட்டுக்குப் போய்ச் செய்யும் செவிலியப் பணிக்கு நவீன காலத் தொடக்கமாக 1859ஆம் ஆண்டு லிவர்பூலைச் சொல்வார்கள். வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக் கிடந்த தன் மனைவியைப் பார்த்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற செவிலியை வைத்தார். மனைவி இறந்த பிறகு, பணம் படைத்த தன் வீட்டுக்கே இந்தக் கை இவ்வளவு ஆறுதல் தந்ததென்றால் ஏழை வீடுகளுக்கு என்ன வழி என்று யோசித்து, அதே ராபின்சனைச் சம்பளம் கொடுத்து நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். வரலாறு ராத்போனை இந்தப் பணியின் தந்தை என்கிறது. வீடு வீடாகப் படியேறிய ராபின்சனை யாரும் தாய் என்றுகூடச் சொல்லவில்லை.

நம் பக்கம் அரசு முதலில் வீட்டுக்கு வந்தது பிரசவத்துக்காக. எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை வந்தது. சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும், 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியும் தொடங்கின. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. இந்தப் பயிற்சிகளுக்கு நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும்தான் போனார்கள். அந்நியரின் உடலைத் தொடுவதும் இரவில் வேலைக்குப் போவதும் சாதி இந்துக் குடும்பங்களுக்கு மானக்கேடாகத் தெரிந்தன.

கிராமத்தில் அந்தத் தொடுதல் ஏற்கெனவே ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். எங்கள் அப்பாயிக்கு ஐந்து பிரசவமும் வீட்டில்தான். ஐந்தையும் பார்த்தவர் ஒரே மருத்துவச்சி. கொல்லைப்புறமாக வந்து, கொல்லைப்புறமாகப் போவார். கூலி நெல்லாக முறத்தில் போடப்படும். அவர் போனதும் அந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். அப்பாவின் தொப்புள்கொடியை அறுத்த கையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர் வந்தார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கருவுற்ற பெண், கைக்குழந்தை, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு என்று அவர் பையில் எல்லாம் இருந்தன. அம்மாவைப் போல மாதக்கணக்கில் கிடப்பவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. பெண்ணின் கருப்பை அரசின் கவலையாக இருந்தது. கருப்பை ஓய்ந்த பிறகு அவள் குடும்பத்தின் கவலை. குடும்பம் என்றால் மருமகள், மகள், பேத்தி.

எங்கள் பகுதியில் பெரிய மருத்துவமனையும் அண்மைக் காலத்துச் செய்திதான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அதுவரை பெரிய நோய் என்றால் திருச்சி, இல்லையென்றால் தஞ்சாவூர். இவ்வளவு தூரம் போய்வர முடியாதவர்கள் வீட்டிலேயே கிடந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. மகன்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட எங்கள் ஊர்களில் தெருவுக்கு இரண்டு கட்டில்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும், நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. செவிலியர் வந்து அம்மாவின் குழாயை மாற்றியதும், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டதும் எங்கள் வீட்டில் நடந்தவை. உடன்போக்கு போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறவள் செவிலிதான். நற்றாய் வீட்டில் இருப்பாள். வெயிலில் தேடிப் போகிறவள் யார் என்பது இன்றும் மாறவில்லை. தேடிப் போகிறவளைத் திட்டம் ‘தன்னார்வலர்’ என்று அழைக்கிறது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பெண்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் 4,500 ரூபாய். அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர். சம்பளம் என்று சொன்னால் அவர் தொழிலாளி ஆகிவிடுவார். தொழிலாளி என்றால் விடுப்பு, வருங்கால வைப்பு நிதி எல்லாம் வரும்.

இதையெல்லாம் நான் மேடையில் பேசுவேன். வீட்டில் நான் என்ன செய்தேன்?

அக்கா முதல் நாள் வந்தபோது, வாய் கோணிப் பேச்சு குழறிய நிலையிலும் அம்மா கேட்ட கேள்வி, “எந்தத் தெரு?” ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். அக்கா கூசாமல், “காலனிங்கம்மா” என்றார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பித்தான் அக்கா துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தேநீர் கொடுக்கும்போது எந்தத் தம்ளரை எடுப்பது என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் என் தம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பெரிய புரட்சியாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் அக்கா இரண்டு நாள் வரவில்லை. தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீட்டில் ஒரு கட்டில், கட்டிலில் அவருடைய மாமியார். இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை வருடமாகக் கிடக்கிறாராம். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற மகள். “நான் வேலைக்குப் போற நேரத்துல இவதான் டீச்சர் பாத்துக்குறா. காலையில மொத ரெண்டு பீரியடு போவ மாட்டா” என்றார் அக்கா. அந்த இரண்டு பீரியடில்தான் அவர் என் அம்மாவைக் குளிப்பாட்டினார். அந்த நேரத்தில்தான் நான் அரியலூர் பேருந்தில் உட்கார்ந்து தொல்காப்பியக் குறிப்பைப் புரட்டினேன்.

செவிலியின் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

என் வகுப்பில் வருகை குறையும் பெண்களிடம் காரணம் கேட்டால், “வீட்டுல பாட்டிக்கு முடியல மேம்” என்பார்கள். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒரே பாட்டி எத்தனை முறைதான் படுப்பாள் என்று. படுத்த பாட்டி எழுந்திருக்க மாட்டாள் என்பதும், அவளைப் புரட்டிப் போட ஒரு பெண் பிள்ளையின் கை தேவை என்பதும் எங்களுக்குத் தெரியாதவை இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 134 நிமிடம், ஆண்கள் 76. அந்த ஆண்களும் நூற்றில் 14 பேர்தான். பெண்களில் அது ஏறக்குறைய 28. தம்பி பதினைந்து நாள் விடுப்பில் வந்து ஒருநாள் அம்மாவுக்கு டயப்பர் மாற்றியபோது தெருவே வந்து பார்த்தது. “பெத்தா இப்படிப் பிள்ளயப் பெறணும்” என்றார்கள்.

வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட இயக்கத்தை 1972இல் மேற்கில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படித்தபோது உற்சாகமாக இருந்தது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு பெண்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்து அதை ‘உரிமைத் தொகை’ என்று அழைத்தபோதும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு பெண் வேலைக்குப் போவதற்காக இன்னொரு பெண் குறைந்த கூலிக்கு வருகிறாள், அவளுக்குப் பதிலாக ஒரு சிறுமி கூலியே இல்லாமல் நிற்கிறாள் என்ற வரிசையின் மேல் படியில் நான் நிற்கிறேன் என்பதை எந்தப் புத்தகமும் என் வீட்டு விலாசத்தோடு சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. அது படுக்கையில் கிடக்கும் எல்லா முதியவர்களுக்கும் வர வேண்டும். பகலில் கொண்டுபோய் விட ஊருக்கு ஓர் இடம் வேண்டும். தன்னார்வலர் என்ற சொல் போய், ஊழியர் என்ற சொல் வர வேண்டும். இவை வரும்வரை இந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கும்.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கஞ்சி வடிகட்டக் கற்றுக் கொடுத்தேன். காலை முறையை அவரும் நானும் பிரித்துக்கொண்டோம். அக்காவைச் சாயங்காலம் மட்டும் வரச் சொன்னேன், கூலியைக் குறைக்காமல். அந்தப் பெண் பிளஸ் டூவை முடித்தாள். இப்போது செவிலியர் பட்டயப் படிப்பில் இருக்கிறாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

அம்மா பதினோரு மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் பத்திரிகையில் மகன், மருமகள், பேரன் பெயர்களும், நன்றி என்று மருத்துவர் பெயரும் அச்சாயின. அக்கா பெயர் இல்லை. பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தது நான்தான்.

இந்தக் கட்டுரையிலாவது உங்கள் பெயரைப் போடட்டுமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். “வேணாம் டீச்சர், ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பேரு வேணாம். வேணும்னா சம்பளத்த எழுதுங்க” என்றார்.

எழுதுகிறேன். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு 150 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி 281 ரூபாய். ‘மூணு மணி நேரம்தானே’ என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான்.