உத்தரமேரூர் ஆணையும் அறநூல்களும்

சீனத்தில் கன்பூசிய நூல்கள் அரசாணைகளுக்கு அடிப்படையாய் நின்றமை அறிஞர் அறிந்ததே. நம் நாட்டில் அத்தகைய தொடர்பினை ஆராயப் புகின், முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த உத்தரமேரூர் விடை பகர்கின்றது. முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) அரசாணைப்படி அவ்வூர்ச் சபை வகுத்த குடவோலை விதிகளைக் கூறுகின்றன.

வாரியம் செய்வார் கால்வேலி இறைநிலமும், தம் மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையராதல் வேண்டும். ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள் ஒன்றும் கற்றுரைக்க வல்லார்க்கு அரைக்கால் வேலியே போதும். பெரும்பாதகம் புரிந்தாரை விலக்கியதும் வடமொழி அறநூல் வழக்கே.

எனினும், கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி ஊரார் பட்டறிவில் பிறந்தது எனக் கருதுகின்றோம். 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை எல்லை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என மாறிற்று. நூலே முழு அளவாயின் இம்மாற்றம் நேர்ந்திராது.

இதனை மக்களாட்சி எனப் போற்றுவோர், இஃது அந்தணர் சபை என்பதையும், நிலமும் வேதமும் இல்லார் பெயர் ஓலையில் ஏறவில்லை என்பதையும் மறத்தலாகாது. கல்வெட்டை உள்ளவாறு படித்தலே நாம் அதற்குச் செய்யும் சிறப்பாகும்.