பெற்றோரின் சொல்லும் சான்றின் தகுதியும்: சிசுத் துயில் பாதுகாப்பு இயக்கங்களுக்கான பொது அங்கீகாரம் பற்றி முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

2023ஆம் ஆண்டின் புத்தாண்டு விருதுப் பட்டியலில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்டுக்கு ஓ.பி.இ. விருது அறிவித்த பிரிட்டன் அரசு, பொதுச் சுகாதாரத்துக்கும் அறப்பணிக்கும் அவர் ஆற்றிய தொண்டை அதற்குக் காரணமாகக் காட்டியது. 1991 ஜூலையில் நான்கு மாதக் குழந்தை செபாஸ்டியனைத் தூக்கத்திலேயே பறிகொடுத்தவர் அவர். அவ்வாண்டு டிசம்பரில், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் தேசிய இயக்கம் தொடங்கியபோது அதன் முகமாக நின்றவரும் அவரே. இத்தகைய விருதுகளைப் பற்றி எழுதிய ஆய்வு மரபு ஒன்று, ஓர் எளிய வேலைப் பிரிவினையை ஏற்றுக்கொண்டே பேசிவந்திருக்கிறது: அறிவை ஆக்கியவர்கள் மருத்துவர்களும் கொள்ளைநோயியலாளர்களும், அதை மக்களிடம் கொண்டுசேர்த்தவர்கள் மகவை இழந்த பெற்றோர்கள், ஆகவே அவர்களுக்குரிய அங்கீகாரம் பரப்புரைக்கும் அனுதாபத்துக்கும் உரியது. இந்தப் பிரிவினை அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மூலத்தாலேயே தகர்கிறது என்பதும், முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையில் சிசு மரணங்கள் விசாரிக்கப்படும் முறையை அந்தத் தகர்வு நேரடியாகத் தொடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்த மூலம், ரூத் கில்பர்ட்டும் மூன்று சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட முறைசார் மீளாய்வு. அதாவது, ஒரு கேள்வியைப் பற்றிக் கிடைக்கும் எல்லா ஆய்வுகளையும் முன்வகுத்த விதிகளின்படி திரட்டி எடைபோடும் ஆய்வு. அது இரண்டு வேலைகளைச் செய்தது. குழந்தையைப் படுக்கவைக்கும் நிலைக்கும் திடீர்ச் சிசு மரணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் கையிலிருந்த சான்றின் மொத்த எடை என்ன என்று கணக்கிட்டது ஒன்று. 1940 முதல் 2002 வரை வெளிவந்த மருத்துவ, குழந்தை வளர்ப்பு நூல்கள் எந்த நிலையைப் பரிந்துரைத்தன என்று தேடியது மற்றொன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது வெளிப்பட்ட செய்தி கடுமையானது. குப்புறப் படுத்த குழந்தைக்கு மல்லாந்து படுத்த குழந்தையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்து என்பது 1970 அளவிலேயே இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் குப்புறப் படுக்கவைக்கும் அறிவுரை 1980களின் இறுதிவரை நூல்களில் நீடித்தது. மீளாய்வு அன்றே செய்யப்பட்டிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளின் சாவும் தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டனர்.

இந்த மீளாய்வு வழக்கமாக ஒரு தொகுப்புத் தோல்வியின் வரலாறாக வாசிக்கப்படுகிறது: சான்று சிதறிக் கிடந்தது, கூட்டிப் பார்ப்பார் இல்லை. அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் அதற்கு முன் எழவேண்டிய ஒரு கேள்வியை அது விட்டுவிடுகிறது. கூட்டப்படாமல் கிடந்த அந்தச் சான்று எங்கிருந்து வந்தது? அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை நோயாளி–ஒப்பீட்டாளர் ஆய்வுகள். இறந்த குழந்தைகளின் வீடுகளிலும் அதே வயதில் உயிரோடிருக்கும் குழந்தைகளின் வீடுகளிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுபவை. குழந்தை எந்த நிலையில் படுக்கவைக்கப்பட்டது, எந்த நிலையில் காணப்பட்டது, மேலே என்ன போர்த்தியிருந்தது ஆகியவற்றை எந்தச் சவப் பரிசோதனையும் சொல்லாது; கடைசியாகத் தொட்டுப் படுக்கவைத்தவர்தான் சொல்ல முடியும். ஆக, மீளாய்வு கூட்டிய எண்களின் அடிப்படை அலகு, மகவை இழந்த ஒரு தாயோ தந்தையோ ஆய்வாளரிடம் சொன்ன சொல். பெற்றோர் இந்த வரலாற்றில் நுழைவது 1991இன் விளம்பரப் படத்தில் என்று கருதுவது, அவர்கள் அதற்கு முன் கால் நூற்றாண்டாகக் கொடுத்துவந்த சாட்சியத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

அந்தச் சொல் ஏன் எடைபெறவில்லை என்பதற்கு அக்காலத் துறை வைத்திருந்த விடைகளுள் முதன்மையானது நினைவுகூர்தல் சார்பு: இழப்புக்குப் பின் கேட்கப்படும் பெற்றோர், குற்ற உணர்வாலோ காரணம் தேடும் தவிப்பாலோ, நடந்ததை மாற்றி நினைவுகூரலாம் என்னும் ஐயம். ஐயம் முறையானதுதான், எந்தப் பின்னோக்கு ஆய்வும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆயினும் இந்த ஐயத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு, அது சோதிக்கப்பட்டும் விட்டது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில், குழந்தைகள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் படுக்கும் நிலையைப் பதிவுசெய்து பின்தொடர்ந்த முன்னோக்கு ஆய்வின் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. எவர் வீட்டில் சாவு நேரும் என்று யாருக்கும் தெரியாத நாள்களில் எடுத்த அந்தப் பதிவுகள், பின்னோக்கு ஆய்வுகளில் பெற்றோர் சொன்னதையே உறுதிசெய்தன. துக்கத்தில் சொல்லப்பட்ட சொல், துக்கத்துக்கு முன் எடுக்கப்பட்ட பதிவோடு ஒத்துப்போயிற்று. மீளாய்வின் ஆசிரியர்கள் இதை ஒரு முறையியல் செய்தியாகக் கடந்துபோவதில் வியப்பில்லை, அவர்களுடைய கேள்வி வேறு. அங்கீகாரத்தைப் பற்றி எழுதுவோர் அவ்வாறு கடந்துபோக முடியாது. பெற்றோரின் கூற்று நம்பத்தக்க சான்று என்பது நிறுவப்பட்ட இடம் இதுதான். பரப்புரைக்குத் தரப்படும் விருது இந்த உண்மையைத் தொடுவதே இல்லை.

இவ்வாசிப்புக்கு எதிராக இரண்டு செய்திகள் முன்வைக்கப்படலாம். நெதர்லாந்து 1987இலேயே, பெற்றோர் எவரும் முகமாக நிற்காமல், தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்திலும் 1991 டிசம்பருக்கு முன்பே சாவுகள் குறையத் தொடங்கியிருந்தன. இரண்டும் உண்மை. தேசிய இயக்கத்துக்கு முன்னரே ஏவன் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினரின் ஆய்வு 1990இல் வெளியாகி, உள்ளூர் நடைமுறையையும் மாற்றிவிட்டிருந்தது. எனவே வீழ்ச்சி முழுவதையும் டயமண்டின் கணக்கில் எழுதுவோர் மிகைபடக் கூறுகின்றனர். ஆனால் அவருடைய பங்கின் அளவு இங்கே வழக்கன்று. ஏவன் ஆய்வும் பெற்றோரின் வாய்ச்சொல்லால் ஆனதே. விருதைப் புகழின் பயனாகக் காணும் மூன்றாவது எதிர்ப்பு ஒன்றும் உண்டு. புகழ் இல்லாத பெற்றோர் விட்ட தடங்கள் போதிய அளவு கிடைப்பதால், அதில் நீண்டு நிற்க வேண்டியதில்லை.

அத்தகைய தடங்களுள் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது. 1961இல் மகளைத் திடீரென இழந்த ஃப்ரெட், மேரி டோர் இணையர் முதலில் கேட்டது விழிப்புணர்வு நாள் எதுவும் அன்று, சவப் பரிசோதனை. சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஃப்ரெட் டோரின் முயற்சியால், திடீரென இறக்கும் சிசுக்களின் உடல்களை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்க வழிசெய்யும் சட்டம் 1963இல் நிறைவேறியது. திடீர்ச் சிசு மரண நோய்க்குறி என்ற பெயரும் வரையறையும், அதாவது முழுமையான விசாரணைக்குப் பிறகும் காரணம் விளங்காத சிசு மரணம் என்ற பொருளில், 1969இல் அதே மாநிலத்தில் கூடிய மாநாட்டில்தான் நிலைபெற்றன. சாவுக்கு ஒரு பெயர் வந்த பிறகே அதைத் தடுப்பதற்கான இயக்கம் இயலும். பெயர் இல்லாத இடத்தில் பெற்றோரின் சொல் ஐயத்துக்கு மட்டுமே உரியதாகும். பெயர் வந்த பிறகும் அது நேரலாம் என்பதை இங்கிலாந்தின் ஸாலி கிளார்க் வழக்கு காட்டியது. இரண்டு மகன்களை இழந்த அவர், ஒரே குடும்பத்தில் இத்தகைய சாவு இருமுறை நேர்வது 7.3 கோடியில் ஒன்று என்ற பிழையான கணக்கும் சாட்சியமாக ஏற்கப்பட்டு, 1999இல் கொலைக் குற்றவாளியாக்கப்பட்டார். 2003இல்தான் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

முத்துக்குளித்துறைக்கு இவையெல்லாம் பொருந்தா என்று சொல்வது எளிது. மணப்பாடு, புன்னைக்காயல், திரேஸ்புரம் ஆகிய ஊர்களின் குழந்தைகள் தொன்றுதொட்டு மல்லாக்கவே கிடத்தப்படுகின்றனர், தாயின் அருகிலோ உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலிலோ உறங்குகின்றனர்; குப்புறப் படுக்கவைக்கும் மேலை வழக்கம் இங்கே வேரூன்றியதில்லை. ஹாங்காங்கின் சீனக் குழந்தைகளிடையே திடீர்ச் சிசு மரணம் அரிது என்று 1985இல் டேவிஸ் என்னும் ஆய்வாளர் எழுதியதும், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானிய வழிக் குழந்தைகளிடையே அது குறைவாக இருப்பதும் இந்த நம்பிக்கைக்குத் துணையாகக் காட்டப்படலாம். துணை உண்மையானது, முடிவு மட்டும் அவசரமானது. எண்ணப்படாததை இல்லாதது என்று கொள்ள முடியாது. தமிழ்நாட்டின் சிசு இறப்பு வீதம் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புக்கு 13. தொற்றும் குறைப்பேறும் பறித்துச் செல்லும் உயிர்கள் குறையக் குறைய, காரணம் விளங்காத சாவுகளே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பது ஐரோப்பாவும் கண்டதுதான். சேலைத் தொட்டில் உடலைச் சூழ்ந்து வளைவதும், அதில் கழுத்து மடங்கக்கூடியதும், சமதளமான உறுதியான படுக்கை என்ற இன்றைய அறிவுரையோடு இசையாதவை. தொட்டிலைக் குற்றம்சாட்ட இது போதாது, விசாரிக்கப் போதும்.

இக்கரையில் தூங்கிய குழந்தை விழிக்காமல் போனால், பால் புரையேறிவிட்டது என்றோ, தாய் அசந்து குழந்தைமேல் புரண்டுவிட்டாள் என்றோ அண்டைவீட்டார் பேச்சில் முடிவாகிவிடுகிறது. காவல் நிலையத்துக்குச் சென்றால் அது ஐயத்துக்குரிய மரணம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு. இவ்வாறாக அரசிடமிருந்து அந்தத் தாய் பெறும் முதல் அங்கீகாரம் ஒரு விசாரணைப் பதிவு எண்ணாக அமைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் மகவை இழந்த பெற்றோருக்குப் பொதுவெளி கொடுத்துள்ள இடம் பெரும்பாலும் நினைவேந்தலும் இழப்பீடும் ஆகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். பெற்றோர் ஆண்டுதோறும் படத்துக்கு முன் கூடுகின்றனர், இழப்பீட்டுக்காக நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றனர். பள்ளிப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் 2009இல் பிறப்பித்த கட்டளைகளின் பின்னணியில் அந்தத் தீ இருக்கிறது. அக்கட்டளைகளைச் சாத்தியமாக்கியவர்களாக அந்தப் பெற்றோரை எவரும் பேசுவதில்லை. தூத்துக்குடியிலேயே, 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டையொட்டிப் பிள்ளைகளை இழந்தோருக்கு நிவாரணத் தொகையும் அரசு வேலையும் வழங்கப்பட்டன. அவர்கள் தொடர்ந்து கேட்டுவருவதோ, அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையின்மீது நடவடிக்கை. நிகழ்வுகள் வேறு, பொறுப்புகளும் வேறு. இழந்தவரைப் பயனாளியாக மட்டும் காணும் பழக்கம் ஒன்றே.

ஆயினும் இதே நிர்வாகத்தில் வேறொரு முன்மாதிரி இருக்கிறது, அது போதிய கவனம் பெறவில்லை. தாய் இறப்பு மீளாய்வில் நாட்டுக்கு முன்னோடியாக நின்றது தமிழ்நாடு. 2010ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்படி, இறந்த பெண்ணின் உறவினர் மாவட்ட ஆட்சியரின் மீளாய்வுக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு, நடந்ததைத் தம் வாயால் சொல்கின்றனர். மருத்துவர் சொன்னதோடு உறவினர் சொன்னதும் அந்த மேசையில் சான்றாக நிற்கிறது. குழந்தை இறப்பு மீளாய்வுக்கு 2014இல் வந்த வழிகாட்டுதலும், வீடு தேடிச் சென்று உறவினரிடம் கேட்டறிந்து காரணத்தை அனுமானிக்கும் வாய்மொழி ஆய்வைத் தன் கருவியாகக் கொண்டது. தாஸ்மானியாவில் நிறுவப்பட்ட நம்பகத்தன்மைக்கு உரிய களம் இது: கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டில் உட்கார்ந்து, குழந்தை எதில் கிடந்தது, எப்படிக் கிடந்தது, யார் பக்கத்தில் படுத்திருந்தார், வீட்டில் புகைப்பவர் உண்டா என்று பழி தொனிக்காமல் கேட்டு எழுதுவதும், எழுதியதன் முடிவைப் பெற்றோருக்கே திரும்பிவந்து சொல்வதும்.

விசாரணையைப் போலவே தடுப்புக்கும் முன்மாதிரி உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள், தாயின் படுக்கையிலேயே வைக்கத்தக்க சமதளக் கூடையை உள்ளூர் நாரில் முடைந்து, உடனுறங்கும் வழக்கத்தைக் கைவிடாமலே ஆபத்தைக் குறைக்க முயன்றனர். மணப்பாட்டுப் பெண்களின் பனையோலை முடைதலை அறிந்தவருக்கு இதன் பொருத்தம் தனியே விளக்கத் தேவையில்லை. அத்தகைய கூடையின் அளவையும் விளிம்பின் உயரத்தையும் முடிவுசெய்யும் குழுவில் குழந்தை மருத்துவரோடும் முடைபவரோடும் சமமாக உட்கார வேண்டியவர், அந்தக் கரையில் குழந்தையை இழந்த பெற்றோர். அவர்களுடைய கூற்று குழுவின் பதிவேட்டில் மருத்துவருடைய கருத்துக்கு நிகரான பத்தியில் எழுதப்பட வேண்டும்.