உறக்கமும் ஓய்வும் (மதுரை வட்டாரம்)

உறக்கம் என்பது புலன்கள் புறவுலகிலிருந்து பெருமளவு விலகியிருக்க, உடலும் மூளையும் தம்மைச் சீர்செய்துகொள்ளும் நிலையாகும். விழித்தபடியே வேலையை நிறுத்தியிருக்கும் ஓய்வு களைப்பைத் தணிக்குமேயன்றி உறக்கத்திற்கு ஈடாகாது. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. தேநீரிலுள்ள கஃபீன் அதன் செயலைச் சிறிது நேரம் மறைக்கிறதே தவிரப் போக்குவதில்லை. உறங்கும் வேளையை வகுப்பது, உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியாக இயங்கும் உயிர்க்கடிகாரம் ஆகும்.

இக்கடிகாரம் குறித்த இந்திய ஆய்வில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர், பகலொளியும் கடிகாரமும் எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாள் தங்கவைத்து, அவர்கள் தாமாக உறங்கி எழும் நேரங்களைப் பதிவுசெய்தனர். இத்தகைய தனிமையில் உறக்கத்தின் ஒழுங்கு குலைவதில்லை. ஆனால் ஒரு சுற்று பொதுவாக 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதால், அதை நாள்தோறும் திருத்தச் சூரியன் தேவைப்படுகிறது. வௌவால்களைப் பற்றி அதே குழுவினர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது: இருண்ட குகையில் அடைத்துவைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டம் உடனிருந்தவரை வெளியே பறந்து திரும்பும் அக்கூட்டத்தின் நேரத்தையே பின்பற்றியது, தனித்து வைக்கப்பட்டபோது தன் போக்கில் விலகியது.

மனிதருக்கும் வெயிலும் சுற்றத்தின் அன்றாட ஒழுங்கும் காலங்காட்டிகளே. எனவே, சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி அல்லங்காடியை (இரவுச் சந்தையை) வருணித்த நாள்முதல் ‘தூங்கா நகரம்’ என்னும் பெருமைக்குரிய இவ்வூரில், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ இரவெல்லாம் உழைத்து, ஒத்தக்கடை போன்ற புறநகரிலுள்ள வீட்டிற்குத் திரும்புபவர், ஊரே விழித்திருக்கும் வேளையில் உறங்க முயல்கிறார். தூக்கக்குறையால் அவருக்கு வரும் அயர்வைச் சோம்பலாகக் கருதுவது பிழை. உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியை, அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது.

பிறர் உறங்க இடமளிப்பதை இவ்வட்டாரம் அறமாகவே கொண்டிருந்தது. ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலையில் சமணத் துறவியருக்கான கற்படுக்கைகள் உள்ளன. மேலூர் வழியிலுள்ள மாங்குளத்தில், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாளரும் வணிகரும் அத்தகைய உறைவிடங்களை அமைத்துக் கொடுத்ததைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இக்காலத்தில், கடைப் பணியாளருக்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்திருத்தம் செய்தது; இரவில் உழைத்துப் பகலில் உறங்க வேண்டியவரைப் பற்றி அத்திருத்தம் எதுவும் கூறவில்லை.